பற்சக்கரத்துக்குப் பதிலாக

பதுளைக்கு வெளியே இருந்த ஆலையில் நைலோனை மாவுபோல அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் இயந்திரம் அந்தத் தூளைப் படைபடையாகப் பரப்பி, சூட்டில் உருக்கி, வேண்டிய பொருளாக்கிவிடும். ரெங்கம்மா அங்கே தூள் சலிப்பவள். அரைக்கும் பகுதியில் நின்ற அவள் கணவன் கந்தப்பன் 2006 மாசியில் நெஞ்சுநோயால் இறந்துபோனான்.

சித்திரையில் ஒரு பொதி திரும்பி வந்தது. மேலாளர் சரவணமுத்து அவளைக் கூப்பிட்டார்.

"பற்சக்கரம் செய்யத்தான் எங்கட தூளைப் போட்டவையாம். வந்திருக்கிறதைப் பாருங்கோ."

வெள்ளையாக ஓர் ஆணின் காது. தேயிலைத் தோட்டத்தில் செடி வெட்டிய நாளில் கவ்வாத்துக் கத்தி பட்ட வெட்டும் அதில் இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு காதுங்க, ஐயா."

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு சலிக்கப் போனாள்.

அடுத்த மாதம் இன்னொரு பொதி வந்தது. இந்த முறை இரண்டு காதுகள், மிகச் சிறியவை. போன வாரம் தன் மகளுக்குக் குத்திய துளைகளை, தடிப்போடு அப்படியே, ரெங்கம்மா அவற்றில் பார்த்தாள்.

அறைகள் வரிசையாக இருந்த தங்கள் லயத்துக்கு ஓடினாள். மகள் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சுதா" என்று கூப்பிட்டாள். பிறகு கத்தினாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். பிள்ளை மட்டும் திரும்பவில்லை.