ரேடியோ அக்கா பரப்பிய செய்தி

எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவிலிருந்து மாத்திரைப் பையோடு வெளியே வந்தவள், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரேடியோ அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

இருவருக்கும் ஒரே ஆயத்த ஆடை கம்பெனியில் வேலை. இவள் காலர் தைப்பவள். அக்கா துணி மடிப்பவள். யார் வீட்டில் சண்டை, யாருக்கு வரன் தட்டிப்போனது, எல்லாம் அக்கா வாயில் விழுந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்க ஒலிபரப்பாகிவிடும்.

"வந்தியாம்மா? பார்த்துப் போ" என்றாள் அக்கா. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

போன மாதம்தான் நோய் என்று தெரிந்தது. கூடப் பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. நாளைக்குப் போய் வேலையை விட்டுவிட்டு, முகம் தெரியாத ஊருக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் மிஷினில் உட்காரக்கூட இல்லை, பட்டன் வைப்பவள் ஓடி வந்தாள்.

"விஷயம் கேள்விப்பட்டேன். ரேடியோ அக்காதான் சொன்னாங்க."

இவள் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கெல்லாம் இடிஞ்சு போலாமா? எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டார். இப்போ கல்லைத் தின்னாலும் செரிக்குது."

"எது?"

"அல்சர்தான். காரத்தைக் குறைச்சுக்கோ."

பின்னாலேயே சூப்பர்வைசர் வந்தார். "வயித்துல புண்ணாமே? மாத்திரை நேரத்துக்கு எழுந்து போம்மா. என்கிட்ட கேட்டுட்டு நிக்காதே."

சாப்பாட்டு நேரத்தில், துணி அடுக்கும் அறையில் அக்காவைப் பிடித்தாள்.

"ஏன்க்கா அல்சர்னு சொன்னீங்க?"

"தினமும் மாத்திரை போடப் போறே. நாலு பேர் கண்ணுல படத்தானே செய்யும்? அவங்களா ஒண்ணைக் கிளப்புறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்."

இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வாய்க்குப் பயந்தா ஊரைவிட்டு ஓடப் பார்த்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"அழுது தீர்த்துடு. ஆனா மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விட்டுடாதே. விடாம சாப்பிட்டா எல்லாரையும் போல நீயும் நல்லா இருக்கலாம். ஞாயித்துக்கிழமை அந்த ஆஸ்பத்திரியில நம்மளை மாதிரி இருக்கிறவங்க கூடிப் பேசுவாங்க. அழறவங்க அழுவாங்க, அதிகமா சிரிப்புதான். கூட்டிட்டுப் போறேன், வா."

"நம்மளை மாதிரியா?"

அக்கா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, தண்ணீர் குடித்தாள்.

"வாய் ஓயாம அடுத்தவங்க கதை பேசுறவகிட்ட, 'உன் உடம்புக்கு என்ன'ன்னு யாரும் கேட்க மாட்டாங்கம்மா."