கடைசி வீட்டுச் சாக்கு

சாக்கைப் பிரித்ததும் புளித்த பால் நாற்றம் முகத்தில் அடித்தது. மத்தி மீன் வாங்கிய பையில் செதில்கூடப் போகவில்லை. வீடு வீடாக பிளாஸ்டிக் சேகரிக்கும் பஞ்சாயத்துப் பெண்களின் பச்சைக் கோட்டு போட்டு நின்ற ஓமனாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"சேட்டா, கழுவிக் காயவெச்சுத் தரணும்னு எத்தனை தடவை சொல்றது?"

சசாங்கன் நாற்காலியை விட்டு எழவில்லை. "கழுவுறது என் வேலையா? வீட்டுக்காரி வந்து கழுவட்டும்."

"உங்களுக்குக் கையில்லையா? தின்னது நீங்கதானே?"

"குப்பை எடுக்கத்தானே சம்பளம்? வந்துட்டா பெரிய கலெக்டர்!"

கூட வந்த ரம்லத் அவள் காதைக் கடித்தாள். "சேச்சி, இந்த ஒரு வீட்டுல மட்டும் சண்டை வேண்டாம். நான் எடுத்துக்கறேன்."

"இதை எடுத்தா, நாளைக்கு எந்த வாசல்ல நின்னு கழுவித் தாங்கன்னு கேப்பேன்?"

ஓமனா சாக்கை அவர் காலடியிலேயே வைத்தாள். அந்த வீட்டு அட்டையில் 'கழுவாததால் எடுக்கவில்லை' என்று எழுதி, ரம்லத்திடம் கையெழுத்தும் வாங்கினாள்.

"வீட்டுக்காரி வரட்டும், பேசிக்கறேன்" என்றார் சசாங்கன்.

அன்றைய வேலை அதோடு முடிந்தது. ஓமனா பச்சைக் கோட்டைக் கழற்றி அந்த வாசல் கொடியில் போட்டாள். செருப்பை விட்டுவிட்டு அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்காரி வந்தாச்சு. கழுவ மாட்டா."