மாதிரித் தண்ணீர்

பாட்டிலை நன்றாக அலசினார். காற்றுக் குமிழி உள்ளே தங்காமல் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கித் திருகினார். 'சாயப்பட்டறைத் தெருக் கிணறு' என்று முத்து முத்தாக எழுதிய சீட்டை அதன்மேல் ஒட்டினார்.

அடுத்த பாட்டிலையும் அதே குழாயில் பிடித்தார். அது 'ஆறு, பாலத்துக்குக் கீழே'. அதற்கடுத்தது 'ஏரி, மதகுப் பக்கம்'. குழாய் இருந்தது அவர் வீட்டுச் சமையலறையில்.

“கொஞ்சம் நகருங்க, பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்குது” என்றாள் மனைவி.

“இரு, ஏரி இன்னும் நிரம்பல.”

அலுவலகத்தில் அவருக்குப் பாட்டில் சார் என்று பெயர். ஊரிலுள்ள கிணறு, குளம், ஆறு எல்லாவற்றிலும் மாதாமாதம் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதனைக்குக் கொடுப்பது வேலை. வெயிலில் அலைந்து, பாசிப் படியில் இறங்கித் தண்ணீர் மொள்வதெல்லாம் பிழைக்கத் தெரியாதவன் பாடு என்பது அவர் கட்சி. “சாக்கடையைப் பிடிச்சுக் கொடுத்தாலும் குடிச்சிட்டு ஏப்பம் விடுற ஜனம். இவங்களுக்கு நான் கிணத்துல இறங்கணுமாக்கும்!”

அதிலும் அந்தச் சாயப்பட்டறைத் தெருக் கிணற்றைச் சாயக்கழிவு கலந்துவிட்டதென்று பூட்டி நாளாகியிருந்தது. அவருடைய அக்காவே அந்தத் தெருவில்தான் குடியிருந்தாள்; கேன் தண்ணீர்தான் வாங்கினாள். யாரும் குடிக்காத கிணற்றை எட்டிப் பார்ப்பானேன்?

மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்பது விதி. கேட்டால் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். லேப் மேடம் கேட்கவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத, பொட்டுக் கறை இல்லாத வெள்ளைக் கோட்டில் இருந்தவர், நிமிராமலே, “அந்த மூலையில வெச்சிட்டுப் போங்க” என்றார்.

'படிச்ச லட்சணத்தைப் பாரு! ஐஸ் எங்கேன்னு கேட்கக்கூடத் தெரியல' என்று உள்ளுக்குள் சிரித்தபடி படியிறங்கினார் பாட்டில் சார்.

சில நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

“தம்பி, நம்ம கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியாம்! ரிசல்ட்டைத் தெருமுனையில ஒட்டியிருக்காங்க. நேத்தே பூட்டைத் திறந்துட்டோம்.”

“ஐயையோ, அதைக் குடிக்காதே அக்கா!”

“ஏன்டா? வேற யாராவது எடுத்திருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன். லேசா வாடை அடிக்குதுன்னு சொன்னவங்களைக்கூட, 'என் தம்பி எடுத்துக் கொடுத்த தண்ணி'ன்னு வாயை அடைச்சேன். சின்னவனுக்குத்தான் காலையிலேருந்து வாந்தி நிக்கல. என்ன ஒத்துக்கலையோ...”

“அவனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு!” என்று கத்தினார் பாட்டில் சார்.

கிணற்றடிக்குப் பறந்தார். குடத்தோடு நின்றவர்களை விரட்டினார். கையால் வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு பழக்கமில்லாததால் உள்ளங்கை உரிந்தது. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் மருந்து நெடி குப்பென்று அடித்தது.

அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் லேப் மேடத்தின் மேசையில் வைத்தார்.

“மேடம், என் வேலையே போனாலும் பரவாயில்ல. அன்னைக்கு நான் கொடுத்தது கிணத்துத் தண்ணி இல்ல. ஆறு, ஏரி எல்லாமே எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. உங்க டெஸ்ட்ல தப்பே இல்ல, தப்பு பூரா என்னோடது. இதுதான் நிஜமான தண்ணி. இப்பவே டெஸ்ட் பண்ணி, குடிக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுங்க. என் அக்கா பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்கிறான்!”

மேடம் முதல்முறையாக நிமிர்ந்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். விவரம் தெரியாத ஒரு ஜென்மத்தைப் பார்ப்பதுபோல் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நாங்க என்னைக்கு சார் உங்க பாட்டிலைத் திறந்தோம்?”