ஈரத் தலை

"உங்க ரெண்டு பேர்ல ஆருக்க தலை ஈரம்?"

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் குற்றாலிங்கம் சார் கேட்டதும் அமிர்தா தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த வெள்ளைத் தொப்பிக்குள் அவளுடைய கூந்தல் இன்னும் சொதசொதவென்றுதான் இருந்தது.

நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். சோடியம் பாட்டரி செய்கிறார்கள். மற்ற பல பாட்டரிகளுக்குள் எரியக்கூடிய திரவம் இருக்கும். இங்கே அதற்குப் பதில் கரிமப் பொருளில் வார்த்த ஒரு மெல்லிய தகடு. அதன் வழியாகத்தான் சோடியம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வர வேண்டும். கசியாது, சட்டென்று தீப்பிடிக்காது. ஆனால் அப்பளத்துக்கு உள்ள வியாதி இதற்கும் உண்டு. ஈரக் காற்று பட்டால் நமத்துப் போகும்.

அதற்காகவே காற்றை உலர்த்தி வைத்த தனி அறை. ஈரத் தலையோடு நுழையாதீர்கள் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

எழுதி என்ன செய்ய? கொல்லயில் ஊர்க்காரி அமிர்தாவுக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைகுளிக்காமல் படியிறங்கத் தெரியாது. ஈர முடியின் நுனியை முடிந்துகொண்டு பஸ் ஏறினால், இறங்குவதற்குள் காற்றில் காய்ந்துவிடும். இன்றைக்கு மழை. பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். தொப்பிக்குள்தானே இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்று நுழைந்துவிட்டாள்.

மத்தியானம் ஈரப்பதம் காட்டும் மீட்டர் காட்டிக்கொடுத்தது. ஒரு மாதமாக வார்த்து வைத்த தகடுகள் அத்தனையும் பாழ். அறைக்குள் இருந்தது அவளும் பிரேமகுமாரி சேச்சியும்தான். சேச்சி லீவு முடிந்து இன்றுதான் வந்தவள். அமிர்தா வரும்போதே உடையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு உள்ளே வேலையில் இருந்தாள்.

"கேட்டது காதுல விழல்லியா?"

அமிர்தாவுடையது ஒப்பந்த வேலை. அடுத்த வாரம் புதுப்பிக்க வேண்டும். இது போனால் மறுபடியும் பூவார் ரிசார்ட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் இளநீர் நீட்டிச் சிரிக்க வேண்டும். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தது அதற்கா?

"எனக்க தலையாக்கும் சாரே," என்றாள் பிரேமகுமாரி.

"நீயா?"

"நானாக்கும். காலையில நேரமாயிட்டு. துவட்டாம கேறிட்டேன்."

சேச்சியின் காலில் விழலாம் போலிருந்தது அமிர்தாவுக்கு.

சார் பிரேமகுமாரியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி, கட்டடமே கேட்கும்படி.

"இத்தனை வருஷ சர்வீஸ் உண்டுல்லா? சின்னப் பிள்ளைக்குத் தெரியுத காரியம் உனக்குத் தெரியாதா? இனி நான் சொல்லுத வரைக்கும் அந்த ரூமுக்குள்ள காலு வைக்கப்பிடாது. ஸ்டோர்ல போய் இரி."

தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஸ்டோருக்குப் போனாள் பிரேமகுமாரி.

வயசில் மூத்தவளை இப்படியா பேசுவது, இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று அமிர்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் திட்டு தனக்கு வரவேண்டியது என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. கொண்டுவந்த சோறு இறங்கவில்லை. ஸ்டோர் பக்கம் போகவும் முகமில்லை. நேராக சாரின் அறைக்குப் போனாள்.

"சாரே, எனக்க தலையாக்கும் ஈரம். சேச்சி சும்மா சொல்லிச்சு. எனக்க வேலை போனாலும் சாரமில்ல."

"தெரியும்," என்றார் சார்.

அமிர்தா விழித்தாள். "பின்ன எதுக்கு சேச்சியத் திட்டினிய?"

"மாடியில மேனேஜருக்குக் கேக்கண்டாமா? அவ நிரந்தர வேலைக்காரி, திட்டோட தீந்துது. உனக்க பேரு போனா உன்னை வீட்டுக்கு அனுப்பிருவாவ. தகடு இன்னொருக்கா வாத்துக்கிடலாம் மக்கா. நல்லா வேலை செய்யுத பிள்ளைய எங்க போய்த் தேடுதது?"

இவரையா அப்படி நினைத்தோம் என்று அமிர்தாவுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சேச்சிக்க தலை இல்லன்னு எப்பிடி சாரே தெரிஞ்சுது?"

சார் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தத் தகடு ஒருக்காவது ஒழுங்கா ஓடணும்னு அவ பழனிக்கு நேர்ந்திருந்தா. நாந்தான் லீவு குடுத்தேன். நேத்துதான் மொட்டை போட்டுட்டு வந்திருக்கா."