லைன் அறுந்த நொடி

பிரிக்பீல்ட்ஸில் பிற்பகல் மழை இடியோடு கொட்டுகிறது. தொலைபேசி வழியே இணையம் தரும் சிறு நிறுவனத்தின் மாடியில், மோடம்களின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைகின்றன. தாமரை திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. லைன் அறுந்தாலும் ப்ரீபெய்ட் கார்டில் நேரம் கரைந்துகொண்டே போவதைத் தடுக்க அவள் எழுதிய புரோகிராமுக்கு இதுதான் முதல் இடிமழை. போன் அலறுகிறது. முதலாளி பரமேஸ்வரன் ஸ்பீக்கரைத் தட்டுகிறார். கேரி தீவிலிருந்து ஒரு பெண் பதறுகிறாள்: "அண்ணே, யுனிவர்சிட்டில எடம் கிடைச்சுதான்னு பாத்துக்கிட்டிருந்தேன், லைன் கட்டாயிடுச்சு. கார்டுல நேரமெல்லாம் போச்சா?" தாமரை திரையைத் திருப்பிக் காட்டுகிறாள். லைன் அறுந்த நொடியிலேயே அந்தப் பெண்ணின் நேரம் அசையாமல் நிற்கிறது. "ஒரு நிமிஷம்கூடப் போகலம்மா," என்கிறார் அவர். பிறகு, யாரும் கேட்காமலே, குரலை உயர்த்துகிறார்: "எங்க தாமரை எழுதுன புரோகிராம் லா!" அடுத்த போனைத் தாமரையே எடுக்கிறாள்.