கரண்ட்டோடு குடித்தனம்

மஞ்சள் ஹெல்மெட்டோடு லைன்மேன் உள்ளே வந்ததும், கிளினிக் வரவேற்பில் இருந்த பெண்ணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லவேளை வந்தீங்கண்ணா! மிஷின் ரூம் பிளக்குல பொறி பறக்குது."

ஏதோ சொல்ல வாயெடுத்தவர், உள்ளே போய் அதைச் சரிசெய்தார்.

"பயந்தாங்கொள்ளிங்களுக்குப் பயம் போக மூளைக்கு லேசா கரண்ட் கொடுக்கிற மிஷின்ணா இது. உங்களுக்கென்ன, கரண்ட்டோடயே குடித்தனம் பண்றவர்!" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "பத்து மணி பேஷன்ட் வந்தாச்சா?"

"இன்னும் வரலை டாக்டர்."

லைன்மேன் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"வந்துட்டேன் சார்" என்றார், தரையைப் பார்த்தபடி.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, பதிவுச் சீட்டை எடுத்தாள்.

"கம்பத்துல கால் வச்சாலே உடம்பு நடுங்குதும்மா. அந்தச் சீட்டுல தொழில்னு இருக்கிற இடத்துல மட்டும் ஒண்ணும் எழுதாத."