ஆயில் சுரக்கும் கார்

“ஊர்ல இருக்கிற பழைய காரெல்லாம் ஆயிலைக் குடிக்கும், பூபாலா. என் கார் ஆயிலைச் சுரக்குது! இன்னும் ரெண்டு மாசம் போனா, காலையில சொம்போட வந்து கறந்துக்கிட்டே போகலாம்!”

புதுப்பட்டினம் ஒர்க் ஷாப்பில் நின்று, தன் வெள்ளைக் காரின் பானெட்டைக் கன்றுக்குட்டியைத் தட்டுவது போலத் தட்டியபடி அறிவித்தார் தாமோதரன். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காரின் கிலோமீட்டர் முள் சந்திரனைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பதாக டவுன்ஷிப் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மெக்கானிக் பூபாலன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். “இன்னா சார் சொல்றே? சுரக்குதா?”

“ஏறுதுப்பா! ஆயில் அளக்கிற கம்பியை விட்டு எடுத்துப் பாக்கறேன், வாரா வாரம் மேல ஏறிக்கிட்டே போகுது!”

கூட வந்திருந்த மகள் பிரதீபா தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா, நீங்க சயின்ஸ் படிச்சவர்தானே? இஞ்சின்ல ஆயில் எப்படிப்பா ஏறும்? மேடு பள்ளத்துல நிறுத்திப் பார்த்திருப்பீங்க. இறங்காம நிக்குதுன்னு வேணா சொல்லுங்க, நம்பறேன்.”

வாக்குவாதம் சும்மா வந்ததல்ல. மழைக்காலம் தொடங்குவதற்கு முன், மாமல்லபுரம் போகும் வழியில் இந்தக் கார் கக்கிய புகையில் தாமோதரனும் மனைவி சகுந்தலாவும் நடுரோட்டில் நின்றுவிட்டார்கள். அந்தப் புகையில் கலங்கரை விளக்கமே கொஞ்ச நேரம் காணாமல் போனது என்பார் தாமோதரன். மருமகன் நிதின் ஆசையாக வாங்கி ஊற்றிய புது ரக ஆயில் மிளகு ரசம் மாதிரி இருந்தது. தேய்ந்த இஞ்சினுக்குள் புகுந்து எரிந்தே போனது.

“ஓடித் தேஞ்ச வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் சார் தாங்கும்” என்று சொல்லி, புளிக்குழம்பு பதத்தில் 20W-50 ஆயில் ஊற்றிக் கொடுத்தான் பூபாலன்.

பிரதீபா அன்றே சட்டம் போட்டுவிட்டாள். “பொங்கல் வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒரு தடவை ஆயில் கம்பியோட கீழ்க்கோட்டுக்கு இறங்கிச்சுன்னாலும் வண்டியை வித்துடணும். நீங்க ரெண்டு பேரும் ரோட்ல நிக்கறதை நினைச்சா எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடலப்பா.”

தாமோதரன் சரி என்று வாக்குக் கொடுத்தார். ஆனால் அன்று ராத்திரி தட்டில் போட்ட தோசை போட்டபடியே இருந்தது.

அதன்பின் ஞாயிறுதோறும் நாவலூரிலிருந்து பிரதீபா வருவாள். பழைய துணியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போவாள். வெளியே வந்து, பரீட்சை எழுதிய பிள்ளைக்கு மார்க் சொல்வது போல, “கோட்டுக்கு மேலதான் நிக்குது, பாஸ்” என்பாள். இன்று பொங்கலுக்கு முந்தைய கடைசி ஞாயிறு. சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றுதான் காரை இங்கே ஓட்டி வந்திருந்தார் தாமோதரன்.

பூபாலன் முகம் மட்டும் மலரவில்லை. “சார், இறங்குனா கவலையில்ல. ஏறுனாதான் பேஜாரு. ரேடியேட்டர் தண்ணி உள்ள பூந்துகினு இருக்கும். இஞ்சினை இறக்கணும். இந்த வயசு வண்டிக்கு அதெல்லாம் கட்டுப்படியாவாது. எடைக்குத்தான் போடணும்.”

தாமோதரன் பானெட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பெருமை பீற்ற வந்த இடத்தில் வண்டிக்கே உலை வைத்துவிட்டோமோ?

பூபாலன் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். மேல்கோட்டையும் தாண்டி ஆயில் மின்னியது.

“அட, ஆமா! ஏறித்தான் கீது!” விரலில் தேய்த்தான். “தண்ணி கலந்தா பால் ஊத்துன காபி மாதிரி ஆயிருக்கும். இது சுத்தமா கீது. பெட்ரோல் கலந்திருந்தா வாசனை வரும், அதுவும் இல்ல.” நிமிர்ந்தான். “அப்ப ஒண்ணுதான் சார். யாரோ ஊத்திகினு கீறாங்க.”

எல்லோரும் தாமோதரனைப் பார்த்தார்கள்.

“சத்தியமா நான் இல்லை! நான் வாயாலதான் அளப்பேன், கையால இல்லை!”

காரின் முன் சீட்டிலிருந்து ஒரு செருமல் கேட்டது. இதுவரை உள்ளேயே உட்கார்ந்திருந்த சகுந்தலா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“நான்தான் ஊத்தினேன். நீங்க லைப்ரரிக்குப் போற நேரமாப் பார்த்து, வாரத்துக்கு ஒரு கரண்டி. இந்த வண்டி போயிடுச்சுன்னா நீங்க விடற கதையையெல்லாம் நான் ஒருத்தியே கேக்கணுமே! இப்போ பாதியை அது கேட்டுக்குது.”

தாமோதரன் சிரிக்க முயன்றார், முடியவில்லை. காற்றுப் போன டயர் மாதிரி ஆனார். “அப்போ… குடிச்சிருக்கு. இறங்கியும் இருக்கு.” சாவியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். “சொன்னா சொன்னதுதான்மா. வித்துடு.”

பூபாலன் இன்னும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். “இரு சார். ஏம்மா, வாரத்துக்கு ஒரே கரண்டியா? அது வண்டி குடிக்கிறதுக்கே சரியாப் பூடுமே. மேல்கோட்டைத் தாண்டி ஏறுனது எப்படி?”

பிரதீபா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், சாவியைத் திரும்ப அவர் சட்டைப் பையிலேயே போட்டாள்.

“ஒத்துக்கறேன்ப்பா, ஆயில் ஏறினது நிஜம்தான். ஞாயித்துக்கிழமையானா செக் பண்ற சாக்குல நானும் ஊத்திக்கிட்டிருந்தேன்… அம்மாவும் ஊத்தறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”